யாருக்கும் வேண்டாத மீனுக்கு எதற்கு வரம்பு?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் புளூஃபிஷ் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில் வரும். "அது மாட்டினால் கிடைக்கிற சுகமே தனி" என்பது ஒன்று. "ஆனால் அதை யார் தின்பது?" என்பது இன்னொன்று. பல நேரம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். பூனைக்குப் போடலாம், நண்டுக் கூண்டில் இரையாக வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடலாம். அங்கே இந்த மீனுக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

இந்த மீனுக்குத்தான் 2020-இல் கெடுபிடி வந்தது. அதுவரை ஒருவர் ஒரு நாளில் 15 மீன் வரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அது 3 ஆனது. காசு கொடுத்து வாடகைப் படகில் போகிறவர்களுக்கு மட்டும் 5. தின்ன லாயக்கில்லை என்று பலரும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிற மீனுக்கு எதற்கு ரேஷன்? கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த 'விட்டுவிடுகிற' என்ற சொல்லில்தான் வினையே இருக்கிறது.

முதலில் மீனைப் பார்த்துவிடலாம். அறிவியல் பெயர் பொமாடோமஸ் சால்டாட்ரிக்ஸ். 1766-இல் லின்னேயஸ் வைத்தது. சால்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் நடனக்காரி. தூண்டிலில் மாட்டியதும் தண்ணீருக்கு மேலே எகிறிக் குதிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கிற ஒரே இனம் இதுதான். நீலமும் பச்சையும் கலந்த முதுகு, வெள்ளி வயிறு, முன்னால் துருத்தி நிற்கும் கீழ்த்தாடை, அதில் ஒற்றை வரிசையில் முக்கோணக் கத்திப் பற்கள். சாதாரண நைலான் நரம்பைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்பதால் கொக்கிக்கு முன்னால் கம்பி கட்டுகிறார்கள். கொக்கியை எடுக்கப்போய் விரலைக் கொடுத்தவர்களும் உண்டு. சாதனை மீன் 1972-இல் வட கரோலினாவின் ஹேட்டரஸில் பிடிபட்டது. எடை 14.4 கிலோ. வழக்கமாகக் கிடைப்பது அதில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான மீனும் இல்லை. துருக்கியில் லூஃபர், ஆஸ்திரேலியாவில் டெய்லர், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஷாட், கேப் பக்கம் எல்ஃப். நம் மார்க்கெட்டில் பழக்கமான மீன்களை வைத்துச் சொல்வதென்றால், சதை கானாங்கெளுத்தி வகை: எண்ணெய்ப் பசை, கருத்த நிறம், வாசனை தூக்கல். குணம் மட்டும் எந்த மீனோடும் ஒப்பிட முடியாதது.

கோடையில் மத்திக்குச் சொந்தக்கார மீனான மென்ஹேடன் கூட்டத்தை இவை கரையை நோக்கி ஓட்டிவரும். கடல் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். இரைமீன்கள் உயிர் பிழைக்க மணலில் வந்து விழும், மேலே பறவைகள் வட்டமடிக்கும், தண்ணீரில் எண்ணெய் படரும். வயிறு நிறைந்த பிறகும் கடித்துக்கொண்டே இருக்கும் என்று அந்தக் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். அமெரிக்காவின் முதல் மீன்வள ஆணையரான ஸ்பென்சர் பேர்ட் இதை உயிருள்ள வெட்டு இயந்திரம் என்று எழுதினார். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை மீனை முடியுமோ அத்தனையையும் துண்டு போடுவதே இதன் தொழில் என்பது அவர் கருத்து. 1871-இல் அவருடைய ஆணையம் அமைக்கப்பட்டதே அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் தென்கரையில் மீன் ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்கத்தான். வலைகளைக் குற்றம் சொன்ன அவர், குற்றவாளிக் கூண்டில் புளூஃபிஷ்ஷையும் ஏற்றினார்.

அதைவிடப் பழைய கதை ஒன்று அதே பகுதியின் நான்டக்கெட் தீவில் இருக்கிறது. ஆங்கிலேயர் அங்கே குடியேறிய காலத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கொழுத்த புளூஃபிஷ் தீவைச் சுற்றி மொய்க்குமாம். 1763 ஆகஸ்டில் தீவின் பூர்வகுடிகளிடையே ஒரு கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் 358 பேரில் 222 பேர் இறந்தார்கள். நோய் ஓய்ந்த அதே 1764-இல் மீனும் காணாமல் போனது. தீவுக்காரர் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். காரணம் சொல்ல அவர் முயலவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீன் மறுபடி தலைகாட்டியது. அதாவது, எந்திரப் படகும் நைலான் வலையும் இல்லாத காலத்திலேயே இந்த மீன் வந்தது, போனது. இன்றைக்கும் வரம்பைத் திட்டுகிறவர்களின் முதல் வாதம் இதுதான்: "அது வரும் போகும், அதன் குணம் அப்படி. எங்களை ஏன் பிடிக்கிறீர்கள்?"

இதில் உண்மை இல்லாமலும் இல்லை. குட்டிகள் இரண்டு ஈடாக வருகின்றன. வசந்தத்தில் தெற்கே இடும் முட்டைகளிலிருந்து ஓர் ஈடு, கோடையில் வடக்கே இன்னோர் ஈடு. தெற்கே பொரித்த குஞ்சுகளை வளைகுடா நீரோட்டம் வடக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அது எந்த வருடம் சரியாக நடக்கும் என்பது மனிதக் கையில் இல்லை. ஆனால் இயற்கையே ஏற்ற இறக்கம் காட்டுகிற ஒரு மீனிடம், இறக்கத்தில் இருக்கும்போது கை வைத்தால் அடி பலமாக விழும். அதனால் இந்த வாதம் வரம்பு வேண்டாம் என்பதற்கு உதவுவதைவிட, வேண்டும் என்பதற்கே அதிகம் உதவுகிறது என்பது என் அபிப்பிராயம்.

வரம்பு போடுகிறவர்கள் யார்? கரையிலிருந்து 3 மைல் வரை அந்தந்த மாநிலம். அதற்கு அப்பால் 200 மைல் வரை மத்திய அரசு. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது. வசந்தத்தில் வடக்கே போய்க் குளிருக்குத் தெற்கே திரும்புகிறது. ஃபுளோரிடாவில் பிடித்தாலும் மெய்னில் பிடித்தாலும் ஒரே கூட்டம்தான். ஆகவே நடு அட்லாண்டிக் மீன்வள மன்றமும், கிழக்குக் கரை மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையமும் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கின்றன. முதல் திட்டம் 1989-இல் வந்தது. அதில் ஆளுக்கு 10 மீன். பிறகு அது 15 ஆனது. பல மீன்களுக்கு வரம்பு போகப்போக இறுகும். இதற்கு ஒரு கட்டத்தில் தளர்ந்ததும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விசேஷம். இந்த மீனில் பெரும்பங்கு வலைக்காரர்களுக்கு இல்லை, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்குத்தான். பழைய பங்கீட்டில் தூண்டிலுக்கு 83 சதவீதம், வணிக மீனவர்களுக்கு 17. விலையும் சொற்பம், சீக்கிரம் கெடவும் செய்யும் என்பதால் வணிக மீனவருக்கு இதில் பெரிய ஆசையும் கிடையாது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வணிக மீனவர் மீனை ஏலத்தில் எடை போட்டு விற்கிறார். சீட்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் வீசுகிறவரின் கணக்கை யார் எழுதுவது? அமெரிக்க அரசு அதை இரண்டாகப் பிரித்து மதிப்பிடுகிறது. ஒருவர் ஒருமுறை போனால் எத்தனை மீன் பிடிக்கிறார் என்பதைப் படகுத்துறையிலும் கடற்கரையிலும் நின்று கேட்டு அறிகிறார்கள். மொத்தம் எத்தனை முறை போகிறார்கள் என்பதை வீடுகளைக் கேட்டு அறிகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பிடிப்பு.

வீடுகளைக் கேட்பது பல ஆண்டுகள் தொலைபேசியில் நடந்தது. வீட்டுத் தொலைபேசி வழக்கொழிந்த பிறகு யார் அந்த அழைப்பை எடுப்பார்கள்? எடுத்தாலும் வீட்டில் இருக்கிறவர் மீன் பிடிக்கிறவராக இருக்க வேண்டுமே. அதனால் 2018-இல் தபாலுக்கு மாறினார்கள். தபாலில் வந்த பதில்கள், மக்கள் அதுவரை நினைத்ததைவிட எவ்வளவோ அதிகமாக மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று காட்டின. குறிப்பாகக் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்கள். சரி, இனிமேல் அப்படி எண்ணலாம் என்று விட முடியாது. 1981 வரை பின்னால் போய் எல்லா வருடங்களின் எண்களையும் திருத்தினார்கள்.

கடலில் ஒரு மீன்கூடக் கூடவில்லை, குறையவில்லை. காகிதத்தில் மட்டும் எல்லாம் மாறியது. இத்தனை காலம் இவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்றால், தொடக்கத்தில் கடலில் நாம் நினைத்ததைவிட அதிக மீன் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அடைய வேண்டிய இலக்கும் உயர்கிறது. அந்த உயர்ந்த இலக்கோடு ஒப்பிட்டால் இன்று இருப்பது போதாது. 2019-இல் வந்த மதிப்பீடு சொன்னது இதுதான்: 2018-இல் முட்டையிடும் பருவத்து மீன்களின் எடை இலக்கில் 46 சதவீதம். 50-க்குக் கீழே போனால் சட்டப்படி அது அளவுக்கு மீறிக் குறைந்துபோன கூட்டம். அதே மதிப்பீடு இன்னொன்றும் சொன்னது. அந்த ஆண்டு மீனைப் பிடித்த வேகம் வரம்புக்குள்தான் இருந்தது. நம் வங்கிக் கணக்கு மாதிரி: இந்த மாதச் செலவு கட்டுக்குள்தான், ஆனால் இருப்பு குறைவு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதற்கு முன்பெல்லாம் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கும்போது, தூண்டில்காரர்கள் தங்கள் பங்கைப் பிடித்து முடிக்க மாட்டார்கள், பாதியை விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லி, மிச்சத்தை வணிக மீனவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. புதிய எண்கள் வந்ததும், அப்படி ஒரு மிச்சம் இருந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டது.

சட்டம் இதில் கருணை காட்டாது. ஒரு கூட்டம் குறைந்துவிட்டது என்று அறிவித்தால் அதை மீட்கத் திட்டம் போட்டே ஆக வேண்டும், பொதுவாக 10 ஆண்டுகளுக்குள். புளூஃபிஷ்ஷுக்கு 7 ஆண்டுத் திட்டம் போட்டார்கள், 2022 முதல். கூடவே பங்கீட்டையும் 86-க்கு 14 என்று மாற்றினார்கள். பழைய பங்கீடு கரைக்குக் கொண்டுவந்த மீனை மட்டும் எண்ணியது. புதியது விட்ட மீனில் செத்ததையும் சேர்த்து எண்ணுகிறது. 15-ஐ 3 ஆக்கியது அதற்கும் முன்னால், உடனடி நடவடிக்கையாக.

3 என்று வந்ததும் கடற்கரையில் முணுமுணுப்பு. வாடகைப் படகுக்காரர்கள் முணுமுணுப்போடு நிற்கவில்லை. நியூ ஜெர்சியிலும் லாங் ஐலண்டிலும் கோடை இரவுகளில் புளூஃபிஷ்ஷுக்கென்றே படகுகள் போகும். கட்டணம் கட்டி ஏறுகிறவர் வீட்டுக்குப் பை நிறைய மீன் கொண்டுபோக வேண்டும் என்று வருகிறவர். அவரிடம் "மூன்றுதான்" என்றால் அடுத்த முறை வர மாட்டார். அந்த வியாபாரத்துக்காகத்தான் 5. ஒரே கடல், ஒரே மீன், படகு ஏறும் விதத்தைப் பொறுத்து இரண்டு நீதியா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் படகுக்காரர் தன் பிடிப்பை எழுதிக் கொடுக்கிறார். தனியாள் கொடுப்பதில்லை. எண்ண முடிகிறவருக்குக் கொஞ்சம் தாராளம் காட்டுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2023-இல் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. அந்தத் தபால் படிவத்தில் முதலில் கடந்த 2 மாதத்தில் எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டார்கள், அடுத்ததாகக் கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை என்று. சோதனைக்காக வரிசையை மாற்றிப் பார்த்தார்கள்: முதலில் 12 மாதம், பிறகு 2 மாதம். பதில்கள் மாறிவிட்டன! மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் இறங்கியது. மனித ஞாபகத்தின் கூத்து இது. போன வருடம் கோயிலுக்கு எத்தனை முறை போனீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, இந்த மாதம் எத்தனை முறை என்று கேட்டால் யோசித்துச் சொல்வோம். எடுத்த எடுப்பில் இந்த மாதத்தைக் கேட்டால், போன மாதம் போனதையும் சேர்த்துச் சொல்லி, "அடிக்கடி போவோமே" என்போம். அமெரிக்க மீன்வளத் துறையே இந்தச் சோதனை முடிவை வெளியே சொன்னது. தூண்டில்காரர்கள் "பார்த்தீர்களா" என்று குதித்தார்கள்.

குதித்ததில் கொஞ்சம் அவசரம் உண்டு. பிடிப்பு குறைவாக இருந்தது என்றால், மேலே சொன்ன அதே தர்க்கப்படி, கடலில் இருந்த மீனும் நினைத்ததைவிடக் குறைவு என்று ஆகும். எண் இறங்கினால் எல்லாமே சேர்ந்து இறங்கும், வரம்பு தானாகத் தளர்ந்துவிடாது. இதற்கிடையில் 2023 மதிப்பீட்டில் கூட்டம் 50 சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தது. முழு மீட்சி இல்லை, ஆனால் ஆபத்துக் கோட்டுக்கு மேலே.

இப்போது அந்த 'விட்டுவிடுகிற' விஷயத்துக்கு வருவோம். பிடிபடுகிற புளூஃபிஷ்ஷில் பாதிக்கு மேல் மறுபடி தண்ணீருக்குப் போகிறது. விட்டது எல்லாம் பிழைக்காது. கொக்கி தொண்டையில் இறங்கியிருக்கும், செவுள் கிழிந்திருக்கும், படம் எடுக்கும்வரை வெயிலில் கிடந்திருக்கும். விட்டதில் 15 சதவீதம் சாகும் என்று நீண்ட காலம் கணக்கு வைத்திருந்தார்கள். பின்னர் அதைக் குறைத்தார்கள். எப்படியானாலும், ஒரு நல்ல மாலையில் 40 மீன் பிடித்து 40-ஐயும் விட்ட மனிதர், "நான் ஒன்றையும் எடுக்கவில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். அவர் கணக்கில் பூஜ்யம். கடலின் கணக்கில் நாலைந்து பிணம். அதே மாலை 3 பிடித்து, தூண்டிலைச் சுருட்டி, 3-ஐயும் வீட்டில் சமைத்தவர் அவரைவிடக் குறைவாகக் கொன்றிருக்கிறார்.

இதை வரம்பு தடுக்காது. எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அது சொல்கிறது, எத்தனை பிடிக்கலாம் என்று சொல்வதில்லை. தின்ன முடியாத மீன் என்ற பெயர்தான் இந்த மீனை விளையாட்டுப் பொருளாக்கி வைத்திருக்கிறது. ஆகவே இது தின்னத் தகுந்ததா என்பது நாக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் அல்ல.

தகுந்தது. நிபந்தனைகளோடு.

அமெரிக்கச் சமையலறை மீனிடம் எதிர்பார்ப்பது மீன் வாசனை இல்லாத மீனை. காட், ஃபிளவுண்டர் மாதிரி வெள்ளையாக, இதழ் இதழாக, எலுமிச்சை பிழிந்தால் எலுமிச்சை மட்டும் ருசிக்கிற மீன். அந்தத் தராசில் வைத்தால் மத்தியும் கானாங்கெளுத்தியும்கூடத் தேறாது. நம் ஊரிலும் வஞ்சிரம் வாங்குகிற வீடு மத்தியை ஒரு மாதிரி பார்ப்பது உண்டு. மத்தி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தமும் தெரியும், அதன் அபத்தமும் தெரியும்.

ஆனால் பாதிப் பழி மீனின் மேல் இல்லை, கையாள்கிற விதத்தின் மேல். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பிடிபடுகிற மீன் இது. வயிற்றிலுள்ள செரிமானச் சாறு கடுமையானது. செத்த பிறகும் வேலை செய்து வயிற்றுச் சதையைக் கரைக்கத் தொடங்கும். சதையில் எண்ணெய் அதிகம், எண்ணெய் சிக்குப் பிடிக்கும். சூரை, கானாங்கெளுத்தி போல இதன் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. மீன் வெதுவெதுப்பில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். தின்றால் முகம் சிவக்கும், தடிப்பு, தலைவலி, படபடப்பு. ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது, அதனால் குழம்பில் போட்டுச் சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. வெயிலில் வாளியில் மூன்று மணி நேரம் கிடந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிட்டு "புளூஃபிஷ் நாறும்" என்றால், அந்த மீன் பாவம் என்ன செய்யும்?

விஷயம் தெரிந்தவர்கள் செய்வது எளிது. பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடிய விடுவார்கள். உடனே குடலை எடுத்துவிட்டு, கடல்நீரில் ஐஸைப் போட்டுக் கலக்கிய தொட்டியில் இறக்குவார்கள். அன்றே சமைப்பார்கள். உறைய வைக்க மாட்டார்கள், வைத்தாலும் அதிக நாள் வைக்க மாட்டார்கள். தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை வெட்டி எறிந்துவிட்டால் கவிச்சியில் பெரும்பகுதி போய்விடும்.

அப்புறம் அளவு. ஒரு சாண் நீளத்துக் குட்டியை அங்கே ஸ்னாப்பர் என்கிறார்கள். அடுத்த கட்டம் காக்டெயில். முழுசாய் வளர்ந்தது சாப்பர், அதாவது வெட்டுக்கத்தி. சாப்பிட நல்லது முதல் இரண்டும்தான். படம் எடுத்து மாட்டி வைக்க மூன்றாவது. இதில் துருக்கியர்கள் இன்னும் நுட்பமானவர்கள். குஞ்சுக்கு 'பிரியாணி இலை' என்று அர்த்தம் வரும் ஒரு பெயர், பிறகு சினேகோப், சாரிகனாத், லூஃபர், கோஃபனா என்று ஒவ்வோர் அளவுக்கும் தனிப்பெயர். இலையுதிர் காலத்தில் கருங்கடலிலிருந்து பாஸ்பரஸ் வழியாக மீன் இறங்கும்போது இஸ்தான்புல் நகரமே அதற்காகக் காத்திருக்கும். லூஃபர் அங்கே கௌரவ மீன், அமெரிக்காவில் பூனைக்குப் போடும் மீன். இரண்டும் ஒரே இனம்! அங்கேயும் பேராசை வந்தது. லூஃபராக வளரவிடாமல் சினேகோப்பாகவே பிடித்துத் தீர்த்தார்கள். சாப்பாட்டுப் பிரியர்களும் சூழல் ஆர்வலர்களும் கூட்டாகக் குரல் கொடுத்த பிறகு, 2011-இல் குறைந்தபட்ச நீளம் 14 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆனது. ருசி தெரிந்தவர்கள்தான் அந்த மீனுக்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பதை அமெரிக்கத் தூண்டில்காரர் யோசித்துப் பார்க்கலாம்.

சுவையைத் தாண்டி ஓர் உண்மையான தடையும் இருக்கிறது: நஞ்சு. ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகள் 1947 முதல் 1977 வரை லட்சக்கணக்கான கிலோ பிசிபி ரசாயனத்தை ஆற்றில் கலந்தன. மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகமும் அதே ரசாயனத்தால் கெட்டது. பிசிபி கொழுப்பில் தங்கும். கொழுப்பு நிறைந்த, நீண்ட நாள் வாழ்கிற வேட்டைமீனின் உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். 1980-களில் மத்திய அரசு புளூஃபிஷ்ஷுக்கென்றே தனியாக ஆய்வு நடத்தியபோது தெரிந்ததும் அதுதான், மீன் பெரிதாகப் பெரிதாக நஞ்சு கூடுகிறது. தோலையும் கருத்த சதையையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, எண்ணெய் வடியும்படி சுட்டால் பிசிபி கணிசமாகக் குறையும்.

பாதரசத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அது சதையிலேயே இருக்கிறது, வெட்டி எறிய முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் புளூஃபிஷ்ஷின் சராசரி பத்து லட்சத்தில் 0.37 பங்கு. மத்தியில் 0.013. வாள்மீனில் ஏறத்தாழ 1. வஞ்சிரத்தின் அட்லாண்டிக் சொந்தமான கிங் மேக்கரலில் 0.73, அதைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே வேண்டாம் என்கிறார்கள். புளூஃபிஷ் நடுப் பட்டியலில் இருக்கிறது, வாரம் ஒருமுறை சரி. நியூ ஜெர்சி மாநிலம் இதை இன்னும் கறாராக அளவை வைத்துப் பிரிக்கிறது. 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ. அதற்கு மேற்பட்ட மீனை வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் சிறு பிள்ளைகளும் தின்ன வேண்டாம். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. வட கரோலினாப் பகுதியில் 1972-இல் பிடித்த மீன்களையும் 2011-இல் பிடித்த மீன்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பாதரசம் 43 சதவீதம் குறைந்திருந்தது. நிலக்கரிப் புகை குறைந்ததை ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். புகைபோக்கியில் செய்த மாற்றம் மீனின் சதையில் தெரிந்தது எனக்கு இதில் மிகவும் பிடித்த விவரம்.

ஆக, ருசி கேட்பதும் சின்ன மீன், உடம்பு கேட்பதும் சின்ன மீன், அன்றன்றைக்குத் தீரக்கூடிய அளவு. ஒரு கிலோ மீன் மூன்று என்றால் ஆறு பக்கச் சதை, நான்கைந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஒரு வேளைக்கு மேலேயே வரும். 15 மீனை நல்லபடியாகத் தின்று முடித்த குடும்பம் எத்தனை இருந்திருக்கும்? உறைபெட்டியில் போட்டு, சிக்குப் பிடித்து, மார்ச் மாதம் குப்பைக்குப் போனவைதான் அதிகம் என்று சந்தேகப்படுகிறேன். அந்த விதத்தில் பார்த்தால் மன்றம் போட்ட எண் சமையலறை போட்டிருக்க வேண்டிய எண்தான்.

சமைப்பதில் புளிப்பு முக்கியம். அமெரிக்கர்களே கடுகு விழுது, வினிகர், தக்காளி என்று எதையாவது சேர்த்து எண்ணெய்ப் பசையை உடைக்கிறார்கள். புகையில் வாட்டி, பாலாடைக்கட்டியோடு மசித்து ரொட்டியில் தடவுவது பாஸ்டன் பக்கம் பிரபலம், புளூஃபிஷ்ஷை வெறுக்கிறவர்களும் அதைத் தின்பார்கள். நமக்கு இந்தப் பாடம் தேவையில்லை. எண்ணெய் மீனுக்குப் புளியும் மிளகாயும் பூண்டும் என்று எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம் அது.

அந்தப் பாடத்தை இதே மீனிடம் கொண்டுசேர்த்த தமிழர்களும் இருக்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போய் இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் கடலுக்குத் திரும்பினார்கள். டர்பன் விரிகுடாவில் கரைவலை இழுத்த இந்தியக் குடும்பங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. ஜூன், ஜூலையில் அந்தக் கரையோரம் மத்திக் கூட்டம் ஓடும், பின்னாலேயே ஷாட் வரும். டர்பன் இந்தியர் வீட்டில் ஷாட் மீன் பொரியலும், புளி விட்ட சிவந்த ஷாட் குழம்பும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய பண்டங்கள் இல்லை. இந்த மீன் தின்னத் தகுந்ததா என்று அங்கே கேட்டால் சிரிப்பார்கள்.

வரம்பு அங்கேயும் உண்டு, அமெரிக்காவுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4. நீளம் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு. முட்டையிடும் பருவம் என்பதால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கவே கூடாது. டிசம்பர் 1 அன்று மறுபடி திறப்பார்கள்.